எடை கூட்ட எந்த வழி? அளவு மீறிவிடுமோ என்று அஞ்சும் பதின்ம வயதினருக்கான ஓர் ஒப்பீடு

எடை போதவில்லை என்று தெரிந்திருந்தும், தட்டில் இன்னொரு கரண்டி விழும்போது ‘இது அதிகமாகிவிடுமோ’ என்று பதறுகிற பதின்ம வயதினர் பலர் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்காத முரணாகத் தோன்றும். அதை அனுபவிப்பவருக்கோ ஒவ்வொரு வேளையும் ஒரு தேர்வு எழுதுவதுபோல் இருக்கும். ‘நன்றாகச் சாப்பிடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை இவர்களிடம் பலிக்காமல் போவதற்குக் காரணம், அது எடைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அச்சத்தைத் தொடாமல் விட்டுவிடுவதுதான். ஆகவே, எடை கூட்ட வழக்கமாகச் சொல்லப்படும் வழிகளை இங்கே ஒப்பிடும்போது, எது விரைவாக எடையை ஏற்றும் என்பதை நான் முதன்மையாகக் கொள்ளவில்லை. வளரும் உடலுக்கு வேண்டிய சத்து அதில் கிடைக்கிறதா, மாதக்கணக்கில் அதைக் கடைப்பிடிக்க முடியுமா, சாப்பாட்டைப் பற்றிய அச்சத்தை அது தணிக்கிறதா வளர்க்கிறதா என்ற மூன்றையும் பார்க்கிறேன். இவற்றுள் மூன்றாவதற்கே அதிக முக்கியத்துவம் தருகிறேன். அச்சம் வளர்ந்தால் மற்ற இரண்டும் நிலைக்காது.

எடையைக் கூட்ட வேண்டுமா, பொறுத்திருந்து பார்க்கலாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். உடல் நிறை குறியீடு, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று பலரும் படித்திருப்பார்கள். அது வளர்ந்தவர்களுக்கான எல்லை. 13 வயதுப் பிள்ளைக்கு அதைப் பொருத்தினால் நல்ல உடல்நலத்தோடு இருப்பவரும் மெலிந்தவராகக் கணக்கில் வருவார். 5 முதல் 19 வயது வரையுள்ளோருக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வயது வாரியாக அமைந்தவை. அவற்றில் அந்தந்த வயதின் நடு அளவிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (அளவுகள் நடுவிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் புள்ளியியல் அலகு) கீழே இறங்கினால்தான் மெலிவு என்று கொள்கிறார்கள். ஒரு நாள் எடுத்த அந்த எண்ணைவிட, பல ஆண்டுகளாக வளர்ச்சி வரைபடத்தில் வந்துள்ள கோடு அதிகம் சொல்லும். குழந்தைப் பருவத்திலிருந்தே மெலிந்த உடல்வாகு, பெற்றோரும் அவ்வாறே, உயரம் ஒழுங்காகக் கூடிவருகிறது, பருவமடைதல் உரிய காலத்தில் நடந்திருக்கிறது, சோர்வு இல்லை என்றால், சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்துகொண்டு பொறுத்திருப்பதும் நேர்மையான ஒரு தேர்வுதான். உயரம் வேகமாகக் கூடும் உச்சக் காலம் பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்களுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் வருகிறது. அப்போது உயரம் முந்திக்கொள்ள, எடை சற்றுப் பிந்தி வருவது இயல்பு.

மாறாக, அந்தக் கோடு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் பொறுத்திருத்தல் என்ற தேர்வே கிடையாது. உயரம் நின்றுபோதல், பெண்களுக்கு மாதவிடாய் தவறுதல் அல்லது உரிய வயதில் தொடங்காதிருத்தல், நீடித்த வயிற்றுப்போக்கு, அடங்காத தாகம், ஓயாத இருமல், காரணமில்லாத படபடப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும், சாப்பாட்டை மாற்றும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பது, முதல் வகை நீரிழிவு, கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத சீலியாக் நோய், குடல் அழற்சி, காசநோய், மனச்சோர்வு, கவனக்குறைவுக்கு எடுக்கும் சில மருந்துகள் எனப் பல காரணங்கள் எடையைத் தின்றுவிடும். இவற்றுக்கு எந்த உணவுத் திட்டமும் மருந்தாகாது. அச்சத்தின் அளவையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். சாப்பிட்டதை ஈடுகட்ட அடுத்த வேளையைத் தவிர்ப்பது, வாந்தி எடுக்க முயல்வது, சாப்பிட்ட அளவுக்குத் தண்டனைபோல் உடற்பயிற்சி செய்வது, சாப்பிட்டதாகப் பொய் சொல்வது என்று போயிருந்தால் அது உண்ணல் கோளாறாக இருக்கக்கூடும். இது ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சை தொடங்குவதற்கு மேலும் மெலிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. குறுகிய காலத்தில் நிறைய எடை இழந்தவர்களோ, பல நாட்களாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர்களோ தாமாகத் திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. பட்டினியில் இருந்த உடலுக்கு உணவு வேகமாகத் திரும்பினால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை ஆபத்தான அளவுக்குக் குறைந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால், அவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு தேவை.

இனி வழிகளுக்கு வருவோம். மூன்று வேளையும் அதே நேரத்தில், ஆனால் ஒவ்வொரு வேளையும் நிறையச் சாப்பிடுவது பெரும்பாலான வீடுகளில் முதலில் சொல்லப்படுவது. புதிதாக எதையும் சமைக்க வேண்டாம், பள்ளி நேரத்தை மாற்ற வேண்டாம் என்பது இதன் நன்மை. பசி நன்றாக எடுக்கிற, விளையாட்டில் ஈடுபடுகிற பிள்ளைக்கு இது போதும். குறைவாகவே சாப்பிட்டுப் பழகியவருக்கோ வயிறு விரிந்ததும் நிறைவு உணர்வு சீக்கிரம் வந்துவிடுகிறது. அதற்குமேல் வற்புறுத்திச் சாப்பிட்டால் வயிறு கனத்து, உப்பி, நெடுநேரம் அசௌகரியமாக இருக்கும். அச்சமுள்ள பிள்ளை அந்தக் கனத்தையே ‘அளவு மீறிவிட்டேன்’ என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. பிறகு இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறது. மறுநாள் பசி எல்லை மீறி வருகிறது. கைக்குக் கிடைத்ததை வேகமாகச் சாப்பிடுகிறது. பயந்தது நடந்துவிட்டதாக எண்ணி மறுபடியும் தவிர்க்கிறது. இந்தச் சுழற்சியைத் தொடங்கி வைப்பது பேராசையோ மனவலிமைக் குறைவோ கிடையாது, தவிர்த்த அந்த ஒரு வேளைதான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இதற்கு வரலாற்றில் தெளிவான ஒரு சான்று உள்ளது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு 24 வாரங்கள் பாதிப் பட்டினியாக உணவளித்து ஆராய்ந்தார். அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அவர்கள், அந்த வாரங்களில் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், கனவு கண்டார்கள், சமையல் நூல்களைப் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, எவ்வளவு சாப்பிட்டும் நிறைவடையாத பசியைப் பலர் வாரக்கணக்கில் உணர்ந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டின் மீது முன்பே ஏதோ கோளாறு இருந்ததாகச் சொல்ல முடியாது. பட்டினி கிடந்த உடல் இழந்ததைத் திரும்பக் கேட்டது. எடை குறைந்த ஒரு பிள்ளைக்குத் திடீரென்று பெரும்பசி வரும்போது, அதைத் தன் குணத்தின் குறையாகக் கருத வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்று வேளைச் சாப்பாட்டோடு இரண்டு அல்லது மூன்று இடையுணவுகளைச் சேர்த்து, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது இரண்டாவது வழி. எந்த வேளையும் வயிற்றைத் திணறடிப்பதில்லை. எந்த இடைவெளியும் பெரும்பசி எழும் அளவுக்கு நீள்வதில்லை. மேலே சொன்ன சுழற்சி நுழைய இங்கே வாசலே இல்லை என்பதால்தான் நான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன். உடலும் இதற்கு ஒத்துழைக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பாக இரத்தத்தில் உயர்கிறது. முதல் சில நாட்கள் பசியில்லாமலே கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருந்தாலும், நாளடைவில் அந்த நேரத்துக்குப் பசி தானாக வரத் தொடங்கும். வகுப்பு நேரத்தில் இடையுணவுக்கு வாய்ப்புக் கிடைக்காமல் போவது இந்த வழியின் உண்மையான தொல்லை. பையில் எடுத்துச் செல்லக்கூடியதாகவும் ஐந்து நிமிடத்தில் சாப்பிடக்கூடியதாகவும் இருந்தால்தான் இது நடக்கும். நாள் முழுவதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொறித்தல் சாப்பாட்டுப் பசியைக் கெடுக்கும். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றும் தெரியாததால் அச்சத்துக்குத் தீனி போடும். இடையுணவுக்கு ஒரு நேரமும் ஒரு கிண்ணமும் இருக்க வேண்டும்.

அளவைக் கூட்டாமல் உணவின் செறிவைக் கூட்டுவது மூன்றாவது வழி. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. தட்டில் அது இடமே பிடிப்பதில்லை. ஆடை நீக்கிய பாலுக்குப் பதில் முழுக் கொழுப்புப் பால், சாப்பாட்டின் மேல் சிறிது எண்ணெய் அல்லது வெண்ணெய், தயிரில் பொடித்த கொட்டைகள் என்று மாற்றினால் வயிறு உணராமலே சத்து கூடும். சிறு பசிக்காரர்களுக்கு இது பெரிய வரம்; இரண்டாவது வழியோடு இது இயல்பாக இணைந்துகொள்ளும். ஆனால் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சமுள்ள பிள்ளையின் உணவில் அதற்குத் தெரியாமல் எண்ணெயையோ வெண்ணெயையோ கலக்காதீர்கள். ஒரு நாள் அது தெரியவரும். அன்றோடு வீட்டுச் சாப்பாடு முழுவதன் மீதும் நம்பிக்கை போய்விடும், பிறகு சமையலறையில் நின்று கண்காணிக்கும் பழக்கம் தொடங்கும். ‘இதில் ஒரு கரண்டி வெண்ணெய் சேர்த்திருக்கிறேன், உன் எலும்புக்கும் உயரத்துக்கும் அது வேண்டும்’ என்று சொல்லிப் பரிமாறுவது கடினம்தான். ஆனாலும் அதுதான் நீடிக்கும்.

திரவமாகக் குடிப்பது இதன் உடன்பிறப்பு. மென்று சாப்பிடும் உணவைப்போல் திரவம் நெடுநேரம் வயிற்றை நிறைத்து வைப்பதில்லை. மெலிந்தவருக்கு அதுவே சாதகம். ஒரு குவளை முழுக் கொழுப்புப் பாலில் சுமார் 150 கலோரியும் 8 கிராம் புரதமும் உள்ளன; அதில் ஒரு வாழைப்பழத்தை அடித்துக் கலந்து, ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வேர்க்கடலையும் சேர்த்தால் மொத்தம் 400 கலோரியைத் தாண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் கடலையைத் தவிர்த்து வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம். இதைச் சாப்பாட்டுக்கு முன் குடிக்கக் கூடாது, இடைவேளையிலோ சாப்பாட்டுக்குப் பின்னரோ குடிக்க வேண்டும். சர்க்கரைக் குளிர்பானங்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றில் கலோரி இருக்கிறது, புரதமோ கால்சியமோ இல்லை, பல்லுக்கும் கேடு.

வறுத்தவை, இனிப்புகள், துரித உணவு ஆகியவற்றால் எடையை ஏற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எடை ஏறவும் ஏறும். ஆனால் வளர்ந்த மனிதரின் எடையில் ஏறத்தாழப் பாதி இந்தப் பதின்ம ஆண்டுகளில்தான் சேர்கிறது. எலும்பின் வலிமையில் பெரும்பகுதியும் அப்படியே. 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை வகுத்திருப்பதன் காரணம் இதுவே. எதனால் எடை கூடுகிறது என்பது பொருட்டாகும் வயது இது. அதே சமயம், இவற்றை ‘கெட்ட உணவு’ என்று பெயரிட்டு விலக்கவும் நான் சொல்ல மாட்டேன். நல்லது, கெட்டது என்று உணவைப் பிரித்துப் பழகிய பிள்ளைக்குப் பட்டியலில் கெட்டவை கூடிக்கொண்டே போகும், நல்லவை சுருங்கிக்கொண்டே வரும். நண்பர்களோடு அவற்றைச் சாப்பிடுவது வாழ்க்கையின் ஒரு பகுதி. திட்டத்தின் அடித்தளமாக மட்டும் அவை வேண்டாம்.

எடை கூட்டும் மாவுகளையும் புரத மாவுகளையும் பொறுத்தவரை ஒரு சிறு கணக்குப் போதும். 14 முதல் 18 வயது வரையுள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.85 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 45 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 38 கிராம். இரண்டு குவளைப் பாலில் 16, இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 என்று கூட்டினால், மற்ற உணவுகளை எண்ணும் முன்பே 35 வந்துவிடுகிறது. முட்டை சாப்பிடாதவருக்குப் பருப்பும் தயிரும் அந்த இடத்தை நிரப்பும். புரதம் மட்டும் தனியாகத் தசையாக மாறாது. போதிய மொத்தச் சக்தி இல்லாதபோது உடல் அந்தப் புரதத்தையே எரிபொருளாக எரித்துவிடும். பல நாடுகளில் இந்த மாவுகள் மருந்துக்குரிய முன்சோதனை ஏதுமின்றி விற்பனைக்கு வருகின்றன என்பதையும் கருத வேண்டும். மருத்துவரோ உணவியல் நிபுணரோ குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதிக் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பானம் வேறு. அதை மறுக்க வேண்டியதில்லை.

பசியைத் தூண்டும் மாத்திரை, எடை கூட்டும் மாத்திரை என்று கேட்பாரின்றி விற்கப்படுவனவற்றை ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் முடிவு. சைப்ரோஹெப்டடின் ஒவ்வாமைக்கான மருந்து. பசியைத் தூண்டும் என்றாலும் தூக்கக் கலக்கத்தைத் தரும், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதற்கு இடமுண்டு. ஸ்டீராய்டு கலந்தவை இன்னும் மோசம். முகம் உப்புவதும் உடலில் நீர் கோத்துக்கொள்வதும் எடை கூடியதுபோல் காட்டும். உள்ளே எலும்பு மெலியும், வளர்ச்சி தடைப்படும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அச்சத்தில் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து என்பதால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உடற்பயிற்சியில் ஓட்டத்துக்கும் தசைப் பயிற்சிக்கும் இடையே தேர்வு இருக்கிறது. உடல் எடை சற்றே குறைவாக இருப்பவர், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், முறை அறிந்தவர் மேற்பார்வையில் தசைப் பயிற்சி செய்தால், கூடும் எடையில் தசையின் பங்கு அதிகரிக்கும், பசியும் எடுக்கும். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு, முறையாகச் செய்யும் பயிற்சியைப் பொறுத்தவரை, ஆதாரம் இல்லை. ஆனால் நோக்கம் எது என்பதை அவரவர் மனத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வலிமைக்காகச் செய்யும் பயிற்சி உதவும். சாப்பிட்டதை எரிப்பதற்காகச் செய்யும் பயிற்சி, பெயர் ஒன்றாக இருந்தாலும், எதிர்த்திசையில் இழுக்கும். மாதவிடாய் நின்றிருந்தாலோ மெலிவு கடுமையாக இருந்தாலோ மருத்துவர் சொல்லும்வரை பயிற்சியே வேண்டாம்.

போதுமான அளவு சாப்பிட்டோமா என்பதை எப்படி அறிவது? இதுதான் அச்சமுள்ளவரின் உண்மையான கேள்வி. இதற்கும் மூன்று வழிகள் உண்டு. பசியையும் நிறைவையும் மட்டும் நம்புவது இயற்கையானது, ஆனால் நெடுநாள் குறைவாகச் சாப்பிட்டவருக்கு அந்த உணர்வுகள் மங்கியோ மிகைப்பட்டோ இருப்பதால் தொடக்கத்தில் அவை சரியான வழிகாட்டியாவதில்லை. கலோரியை எண்ணுவது துல்லியமானது. அதனாலேயே அஞ்சுகிற மனத்துக்கு அது பொருந்தாது. கூட்டுவதற்காக எண்ணத் தொடங்கியவர் விரைவிலேயே குறைப்பதற்காக எண்ணுபவராக மாறிவிடுவார்; மேலே நான் தந்த எண்களைக்கூட, கூடுதல் தேவை எவ்வளவு சிறியது என்று புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். பொதுவாக நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாகச் சேர்ந்தால், எடை மெல்ல ஏறுவதற்கு அது போதும். அந்தப் பாலும் பழமும் கடலையும்தான் அந்தக் கூடுதல். தட்டு, கிண்ணம், குவளை என்று முன்கூட்டியே அளவைத் தீர்மானித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு எழுவது மூன்றாவது வழி. உண்ணும் நேரத்தில் முடிவெடுக்கும் பொறுப்பை அது மனத்திடமிருந்து இறக்கி வைக்கிறது. அந்த அளவைப் பெற்றோரோ உணவியல் நிபுணரோ கூட இருந்து தீர்மானித்தால் இன்னும் நல்லது.

எது அளவு மீறிய உண்ணுதல் என்பதிலும் தெளிவு வேண்டும். விளையாடி வந்து இரண்டாம் முறை போட்டுக்கொள்வதும், விரும்பிய உணவை ஒரு நாள் வயிறு முட்டச் சாப்பிடுவதும் இதில் சேராது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையில், கட்டுப்பாட்டை இழந்த உணர்வு மையமானது. வழக்கத்தைவிட வேகமாக உண்பது, பசியே இல்லாமல் உண்பது, வெட்கத்தால் தனியே உண்பது, பிறகு தன்னையே வெறுப்பது ஆகியவை அதனோடு வருவன. இது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதங்கள் தொடர்ந்தால்தான் கோளாறு என்கிறார்கள். அந்த நிலையை எட்டும்வரை உதவி கேட்கக் காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. என்றாவது ஒரு வேளை அதிகமாகிவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்த வேளையை அதே நேரத்தில், அதே அளவில் சாப்பிடுவது. அதைத் தவிர்க்காமல் இருந்தாலே சுழற்சி அங்கே அறுந்துவிடும்.

ஆகவே, உடல்நலத்தோடு இருக்கும், லேசாக மெலிந்த பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, நேரம் குறித்த மூன்று சாப்பாடும் இரண்டு மூன்று இடையுணவும், அவற்றில் ஒன்று திரவமாகவும், உணவு சற்றே செறிவாகவும் அமைந்த திட்டம்தான். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற முடியாதவர்கள் மாலையில் ஓர் இடையுணவோடு தொடங்கி, இரண்டு வாரம் கழித்து அடுத்ததைச் சேர்க்கலாம். 13 முதல் 18 வயது வரையுள்ளவருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்; இரவு நெடுநேரம் விழித்திருப்பவர் காலைப் பசியை இழப்பதால், திட்டத்தின் முதல் வேளையே தவறிவிடுகிறது. எடையை நாள்தோறும் பார்க்க வேண்டாம். தண்ணீரும் உப்பும் மலச்சிக்கலும் ஒரே நாளில் ஒரு கிலோவைக்கூட ஏற்றி இறக்கும்; அதைக் கொழுப்பு என்று எண்ணிக் கலங்குவது வீண். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் பார்த்தால் போதும். எண்ணே மனத்தைக் கலக்கும் என்றால் பெற்றோர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். வாரம் கால் கிலோ கூடினாலும் நல்ல முன்னேற்றம். சில வாரங்கள் அசையாமல் இருந்து பிறகு ஏறுவதும் உண்டு.

இரண்டு மாதம் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் எடை நகரவில்லை என்றாலோ, எடை ஏற ஏற அச்சமும் ஏறி வேளைகள் தவறத் தொடங்கினாலோ, சாப்பாட்டின் அளவை மேலும் கூட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக மருத்துவரிடம் செல்லுங்கள். கடந்த ஆண்டுகளின் உயரம், எடைக் குறிப்புகள், எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பெயர்கள், பெண்களானால் மாதவிடாய்த் தேதிகள், வழக்கமான மூன்று நாட்களில் சாப்பிட்டவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அதே தாளில் ‘நிறையச் சாப்பிட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது’ என்பதையும் எழுதுங்கள்; வாயால் சொல்லத் தயங்கினால் அந்தத் தாளை அப்படியே நீட்டிவிடலாம்.